சத்தம் ராத்தா வீட்டில்

கல்முனைக்குடி
04.08.2025, திங்கள்

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தைக் கொடிக்கயிற்றில், உங்கள் அஸ்பியாவின் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு மாட்டியிருக்கிறேன். வேறு வழி நீங்கள் வைக்கவில்லை. நோன்புப் பெருநாளைக்குப் பிறகு, "வல்லாஹி, இனி உன்னோட ஒரு சொல்லும் கதைக்கமாட்டன்" என்று சத்தியம் போட்டுவிட்டீர்கள். வாட்ஸ்அப்பிலும் புளொக். ஒரே வளவில், ஒரே சுவருக்கு அந்தப்பக்கம் நீங்களும் இந்தப்பக்கம் நானும் உம்மாவும் இருந்துகொண்டு, நாலு மாதமாகக் கிணற்றடியில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறோம். எழுதுவது கதைப்பதில் சேராது. ஆகவே உங்கள் சத்தியத்துக்கு ஒரு கீறலும் விழாது, பயப்படாமல் வாசியுங்கள்.

நான் எழுதுவது சண்டையைப் பற்றி இல்லை, ஸ்பீக்கரைப் பற்றி.

என் லெப்டொப்பின் சொந்த ஸ்பீக்கர் செத்துவிட்டது. ஹெட்போன் குத்துகிற ஓட்டையில் கடற்காற்று பட்டுப் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறது. குத்தினால் கறகற என்கிறதே தவிர குரல் வருவதில்லை. யூஎஸ்பி ஓட்டை இரண்டில் ஒன்று வேலை செய்யாது, மற்றதில் எழுத்து எழுதிக் காட்டுகிற பலகையைக் குத்தியிருக்கிறேன். மிச்சம் புளூடூத் மட்டும்தான். அதற்காக நாம் நோன்பு காலத்தில் பஸாரில் சோடியாக வாங்கினோமே, ஆளுக்கொரு கறுப்பு ஸ்பீக்கர், அதை எடுத்தேன். வாங்கிய அன்று இரண்டையும் என் லெப்டொப்பில்தான் போட்டுப் பார்த்தோம். இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே பெயர். லெப்டொப் இரண்டையும் ஞாபகம் வைத்திருக்கிறது. இன்று காலை பாடம் ஒன்றைப் போட்டுவிட்டு என் ஸ்பீக்கரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறேன், சத்தமோ உங்கள் சமையலறையிலிருந்து வருகிறது.

தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உங்கள் ஸ்பீக்கரை நிறுத்தி வையுங்கள். அன்று மாலை மஃரிபுக்குப் பிறகு எனக்குச் சோதனை வகுப்பு. லண்டனில் இருக்கும் நம்மவர்களின் பிள்ளைகளுக்கு இன்டர்நெட்டில் தமிழ் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று. தலைமை ஆசிரியை பார்த்துக்கொண்டிருக்க நான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும். உம்மாவுக்கும் எனக்கும் பேச்சு என்னவென்று உங்களுக்கும் தெரியும்: இந்த வேலை கிடைத்தால் நான் என் பாட்டில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் நீங்கள் பேசிய மாப்பிள்ளைக்கு நான் ஓம் சொல்ல வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் கிடைக்கும். நான் நல்லாகப் படிப்பிப்பேன் என்று எனக்குத் தெரியும்.

தங்கச்சி
றுக்ஸானா


05.08.2025

றுக்ஸானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். ஸலாத்துக்குப் பதில் கடமை என்பதால் எழுதுகிறேன். வேறு ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

அந்தச் சத்தம் உன்னுடைய வேலையா? நேற்று நான் மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறேன், அலுமாரிக்கு மேலிருந்து ஒரு சின்னப் பிள்ளை "அணில், ஆடு, இலை" என்கிறது. வீட்டில் அந்த வயதில் பிள்ளை இல்லை. சூரை மீனைப் போட்டுவிட்டு ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினேன். மூன்று தரம் ஓதியும் அது "ஈ, உரல்" என்று போய்க்கொண்டே இருந்தது. சுவருக்குக் காது உண்டு என்பார்கள். உன் புண்ணியத்தில் என் வீட்டுச் சுவருக்கு வாயும் வந்துவிட்டது.

ஸ்பீக்கரை நிறுத்தமாட்டேன். அஸ்பியா அதில் சூரா கேட்டுப் பாடமாக்குகிறாள். என் வீட்டில் என் சாமானை எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்று எனக்குத் தெரியும். பட்டப்படிப்பு முடித்தவள் நீ. உன்னுடைய பெட்டிக்கு எது தன் ஸ்பீக்கர், எது ராத்தாவின் ஸ்பீக்கர் என்று சொல்லிக்கொடுக்க ஏலாதா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நீ சண்டையைப் பற்றி எழுதவில்லை, நான் எழுதுகிறேன். மாப்பிள்ளை கேட்டுப் பெண் வீட்டார் போவதுதான் நம் ஊர் வழக்கம். வாப்பா மௌத்தான பிறகு அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வட்டிலப்பம் அவித்து, தட்டோடு நிந்தவூருக்குப் போய், என் மாமியிடம் அவவின் இளைய மகன் றாஸிக்கை உனக்குக் கேட்டேன். என் புருசனின் தம்பி, பொத்துவிலில் ஹோட்டலில் நல்ல வேலை, தொழுகையுள்ள பிள்ளை. மாமி ஓம் என்றா. வீட்டுக்கு வந்தால் நீ மாட்டேன் என்கிறாய். கேட்டுப் போனவளே திரும்பிப் போய் வேண்டாம் என்று சொல்வதை இந்த ஊரில் யாராவது செய்திருக்கிறார்களா? இன்றுவரை நான் போகவில்லை. உம்மா மாத முடிவு வரைக்கும் பொறு என்றதால் பொறுத்திருக்கிறேன்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்பீக்கரை நிறுத்தாமல் சும்மா இருந்தாலே போதும், எனக்குப் போன மானம் திரும்பி வந்துவிடும். அதை நீயாகவே எழுதிக் கொடுத்திருக்கிறாய். புத்திசாலிதான் நீ.

ஷாஹினா


05.08.2025, அஸருக்குப் பிறகு

ராத்தா,

நீங்கள் நிறுத்தத் தேவையில்லை. நான் சரிப்படுத்திவிட்டேன்.

முதலில் லெப்டொப்பை அணைத்துப் போட்டேன். பிறகு சத்தம் எங்கே போகிறது என்று காட்டுகிற இடத்துக்குப் போனேன். அங்கே ஒரே பெயரில் இரண்டு ஸ்பீக்கர் இருந்தது. ஒன்றை நீக்கிவிட்டேன். அது உங்களுடையது. இனி என் பெட்டிக்கு உங்கள் வீடே தெரியாது. நாளைக்குத் தக்சாயினியோடு பேசிப் பார்ப்பேன். என்னோடு படித்த பாண்டிருப்புப் பிள்ளை, உங்களுக்கும் தெரியும்.

மாப்பிள்ளை விசயத்துக்கு ஒரு வரிதான் எழுதுவேன். தட்டோடு போவதற்கு முதல் நாள், சுவரில் ஒரு தட்டுத் தட்டி, "புள்ள, உனக்கு விருப்பமா?" என்று கேட்டிருந்தால் வட்டிலப்பம் மிஞ்சியிருக்கும்.

கூடம் கோணல் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை காட்டுவேன்.

றுக்ஸானா


07.08.2025

தங்கச்சிக்கு,

நீ நீக்கியது உன்னுடைய ஸ்பீக்கரை. மிஞ்சியிருப்பது என்னுடையது. பட்டதாரி!

நேற்று மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு எழும்புகிறேன், உன் சிநேகிதி தக்சாயினி என் சமையலறைக்குள் நின்று கதைக்கிறாள். "என்னடி, கேக்குதா? எனக்கு உன்ட சத்தம் வடிவாக் கேக்குது. உனக்குக் கேக்கல்லையா?" என்று கத்தினாள். எனக்குக் கேட்டது. பக்கத்தில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த மாமிக்கும் கேட்டது. அறுவடைக்காக உன் மச்சான் நாவிதன்வெளி வயலில் நிற்பதால் மாமி இங்கே வந்து நிற்கிறா என்று உனக்குத் தெரியும்தானே. வந்து பத்து நாளாகிறது, வாய் திறந்தால் குறைதான்: உப்புக் கூட, புளி குறைய, பிள்ளை மெலிவு, யன்னல் சீலை ஊத்தை.

கொஞ்ச நேரம் போனதும் அவள் உன்னோடு கதைக்கத் தொடங்கினாள், ஆனால் எனக்கு அவளின் குரல் மட்டும்தான் வந்தது. உன் குரல் இல்லை. அவள் கேட்கிறாள், நடுவில் ஒன்றும் இல்லை, மறுபடி அவள் சிரிக்கிறாள். நிறுத்தத்தான் போனேன். அப்போது அவள் கேட்டாள்:

"அப்ப அந்த மாப்பிள்ளைய நீ வேணாமெண்டது ஷாஹினா ராத்தாவுக்காகவா?"

என் கை ஸ்பீக்கரின் பொத்தானில் அப்படியே நின்றுவிட்டது. நீ என்னவோ சொல்லியிருக்கிறாய். அது எனக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள், "அல்லாஹ்வே எண்டு நான்தான் சொல்லணும் போல கிடக்கு" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போனாள். நல்ல வேளை, மாமி அந்த நேரம் முற்றத்தில் எச்சில் துப்பப் போயிருந்தா.

நேற்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சோறு அடிப்பிடித்தது. அதற்கும் மாமி ஒரு சொல் வைத்திருந்தா. மழுப்பாமல் எழுது. அவள் கேட்டதற்கு நீ என்ன பதில் சொன்னாய்?

ஷாஹினா


08.08.2025, வெள்ளி

ராத்தா,

முதலில் பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பெயர் இரண்டு இருந்தால் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும். நான் பார்க்காமல் நீக்கினேன். தக்சாயினியின் முகம் தெரிந்தது, குரல் வரவில்லை. போனில் எடுத்து அவளோடு கதைத்துக்கொண்டே லெப்டொப்பை நோண்டினேன். லெப்டொப் அழைப்பை நிறுத்த மறந்துபோனேன். அவள் போனில் சொன்னதெல்லாம் அவளுடைய கணினி வழியாகவும் வந்து உங்கள் வீட்டில் விழுந்திருக்கிறது. என் ஸ்பீக்கரை மறுபடி சேர்த்துவிட்டேன். இந்த முறை பெயரையும் மாற்றினேன். ஒன்று 'றுக்ஸானா', மற்றது 'ராத்தா'. 'ராத்தா'வை நீக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. "ஓம், பாதிக்கு ராத்தாவுக்காகத்தான்" என்று சொன்னேன்.

மாமிக்கு இரண்டு மகன்கள், பெண்பிள்ளை இல்லை. பெண்பிள்ளை இருந்தால் அவளின் வீட்டில் இருந்திருப்பார். நம் வழக்கப்படி மீராமுகைதீன் மச்சான் கல்யாணத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். றாஸிக்கும் என் வீட்டுக்கு வந்தால், ஒரே வளவுக்குள் இரண்டு மகன்கள். மாமி நிந்தவூர் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்து குந்திவிடுவார். வருசத்தில் ஒரு அறுவடைக்கு வந்து நிற்கும்போதே நீங்கள் எப்படி ஆகிவிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் நின்றுவிடும். நீங்கள் பாட்டு முணுமுணுக்காமல் பாத்திரம் கழுவுவீர்கள். சுவருக்கு இந்தப்பக்கம் இருக்கிற எனக்கு அது கேட்கும். புளூடூத் தேவையில்லை.

மற்றப் பாதி எனக்காக. றாஸிக் நல்ல மனிதர்தான், ஆனால் அவரைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்குப் படிப்பிக்க ஆசை. அவ்வளவுதான். இதை அன்றைக்கே சொல்லியிருப்பேன், நீங்கள் சத்தியம் போடுகிற வேகத்துக்கு நான் வாயைத் திறக்க முடியவில்லை.

றுக்ஸானா


09.08.2025

அடி றுக்ஸானா,

உன்னை யாரடி கேட்டது?

என் மாமியை எனக்குச் சமாளிக்க ஏலாது என்று நீயே முடிவு கட்டி, என் வீட்டு நிம்மதிக்கு நீ காவல் நிற்கிறாயா? உனக்கு நான் பீத்துணி மாற்றியிருக்கிறேன். எனக்குப் பாதுகாப்புக் கொடுக்க வந்துவிட்டாய். வாசித்ததும் எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தை இரண்டாகக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன்.

நான் ஏன் றாஸிக்கைக் கேட்டுப் போனேன் தெரியுமா? நீ படித்தவள். உனக்கு டொக்டர், இஞ்சினியர் என்று வெளியிலிருந்து யாராவது வருவான். வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது என்று உன்னைக் கொழும்புக்கோ கத்தாருக்கோ கூட்டிக்கொண்டு போவான். உன் வீடு பூட்டிக் கிடக்கும். உம்மா என் வீட்டு மூலையில் இருந்து உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பா. றாஸிக் என்றால் பொத்துவிலைத் தாண்டமாட்டான். நீ சுவருக்கு அந்தப்பக்கம் சாகும்வரைக்கும் இருப்பாய். அதற்காக மாமி வந்து குந்தினாலும் குந்தட்டும் என்றுதான் போனேன். எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் செய்தேன். உன்னைக் கேட்கவில்லை என்பது மட்டும் என் பிழை. அதை இப்போதுதான் எழுதுகிறேன், இன்னொரு தரம் எழுதமாட்டேன்.

நான் பாட்டு முணுமுணுப்பது உனக்குக் கேட்குமா? இத்தனை வருசமாகவா? வெட்கமாக இருக்கிறது.

நாளைக்கு என் ஸ்பீக்கரை நிறுத்தி வைப்பேன். போய் ஒழுங்காகப் படிப்பி.

ராத்தா


10.08.2025, ஞாயிறு, லுஹர் நேரம்

ராத்தா,

என் ஸ்பீக்கர் கண்ணை மூடிவிட்டது. விடிய விடியச் சார்ஜில் போட்டும் ஏறவில்லை. சார்ஜ் குத்துகிற வாயில் உப்புப் பூத்திருக்கிறது. பஸாருக்குக் கொண்டு ஓடினேன். கடைக்காரர், "ஈயம் வெச்சி ஒட்டணும் தங்கச்சி, ரெண்டு மூணு நாளாகும்" என்கிறார். கடையில் வேறு ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டு வந்தேன், அது லெப்டொப்பில் சேரமாட்டேன் என்கிறது. சேர்க்கிறேன், நீல விளக்கு மினுங்குகிறது, பிரிந்துபோகிறது. உம்மாவின் பழைய டீவியில் வயர் குத்த ஓட்டையே இல்லை. போனில் கேட்கலாம் என்றால் அந்த வகுப்புக்குள் ஒரு பெயரில் ஒரு கருவியைத்தான் விடுவார்கள். பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டப் பலகை வேண்டும், அது லெப்டொப்பில்தான்.

என் பெட்டியில் சொன்னபடி கேட்கிற பெயர் ஒன்றுதான் இருக்கிறது. அது 'ராத்தா'.

உங்கள் பின்யன்னலும் என் பின்யன்னலும் கை நீட்டினால் தொடுகிற தூரம். மஃரிபுக்குப் பிறகு ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் யன்னல் கட்டில் வைப்பீர்களா? பிள்ளைகள் உங்கள் வீட்டில் கதைப்பார்கள், நான் என் வீட்டிலிருந்து கேட்டுப் பதில் சொல்வேன். மாமி இருக்கிறார் என்பது தெரியும். முடியாவிட்டால் கொடியில் வெறும் கிளிப்பை மாட்டுங்கள், நான் புரிந்துகொள்வேன். கோபிக்கவும் மாட்டேன்.

றுக்ஸானா


(அதே தாளின் பின்பக்கம்)

யன்னலைத் திறந்து வை. கொழுக்கியை நல்லா மாட்டு, காற்றுக்கு அடிக்கும். ஸ்பீக்கர் இப்பவே சார்ஜில் கிடக்கிறது. நாலு மணிக்கு ஒரு தரம் ஏதாவது போட்டுப் பார், கேட்டால் நான் யன்னலைத் தட்டுவேன். அந்த மஞ்சள் அபாயாவைப் போடாதே, நீலத்தைப் போடு, உனக்கு அதுதான் எடுப்பு. பிஸ்மி சொல்லித் தொடங்கு.


11.08.2025

தங்கச்சி,

உன் பக்கத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். என் பக்கத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

மஃரிப் தொழுதுவிட்டு ஸ்பீக்கரை யன்னல் கட்டில் வைத்தேன். பிள்ளைகளைப் பாயில் இருத்தி வாயைப் பொத்தச் சொன்னேன். ஒவ்வொரு பிள்ளையாக வந்து பெயர் சொன்னது. பிரகாஸ் என்று ஒன்று, விதுசா என்று ஒன்று. அந்த விதுசா மிச்சம் மெல்லக் கதைக்கிறாள், உனக்குக் கேட்காது என்று தெரிந்தது. ஸ்பீக்கரைத் தூக்கி யன்னல் கம்பிக்கு வெளியே கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுதான் உனக்குப் பிறகு கேட்டிருக்கும். கை மரத்துப்போனது.

பாதி வகுப்பில் மாமி அறையிலிருந்து வந்தா. "இது என்ன கூத்து? கேட்டுப் போன மாப்பிள்ளைக்கு நாலு மாசமாப் பதில் சொல்லாம இழுக்கிறவளுக்கு நீ விளக்குப் பிடிக்கிறயா? அந்தப் பெட்டிய நிப்பாட்டு" என்று சொல்லிக் கையை நீட்டினா.

பதிமூன்று வருசமாக நான் அவவுக்கு மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை. நேற்றுச் சொன்னேன். "மாமி, இது என்ட வீடு. அது என்ட தங்கச்சிட வகுப்பு. முடியுமட்டும் இஞ்ச ஒருத்தரும் கதைக்கப்படா." சத்தமாகவே வந்துவிட்டது. பிள்ளைகள் என்னை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மாமி போய்ப் பாயில் அஸ்பியாவுக்குப் பக்கத்தில் இருந்தா. கொஞ்ச நேரத்தில் விதுசா "ழ"வைச் சரியாகச் சொல்ல, என் மாமி, "பாவம், நல்லாச் சொல்லுது" என்றா. அல்லாஹ் அறிவான், அதுதான் அவ என் வீட்டில் வந்து சொன்ன முதல் நல்ல வார்த்தை.

நீ எப்படிப் படிப்பித்தாய் என்று எனக்கு முழுக்கத் தெரியாது. உன் குரல் இரண்டு யன்னல் தாண்டி வந்தது. ஆனால் பிள்ளைகள் சிரித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கடைசியில் ஒருத்தரும் போக மனமில்லாமல் "டீச்சர், இன்னும் ஒண்டு" என்று கெஞ்சினார்கள். உனக்கு அந்த வேலை கிடைக்காவிட்டால் லண்டனில் இருப்பவர்களுக்கு அறிவில்லை.

ராத்தா


13.08.2025, புதன்

ராத்தா,

கதவைத் திறங்கள். தட்டித் தட்டி என் விரல் வலிக்கிறது. திறக்காததால் இதை எழுதிக் கதவுக்குக் கீழே தள்ளுகிறேன்.

உங்களுக்குத் தெரியாத பக்கத்தை நான் சொல்கிறேன். இன்று அஸர் நேரம், நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்கையில் லெப்டொப் அடித்தது. அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, வல்லியம்மை டீச்சர். பதற்றத்தில் அழைப்பை எடுத்துவிட்டேன். என் ஸ்பீக்கர் இன்னும் கடையில் இருப்பதும், சத்தம் 'ராத்தா'வில் நிற்பதும் எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. மழைத்தூறல் என்று நீங்கள் யன்னலைச் சாத்தியிருந்தீர்கள்.

டீச்சரின் வாய் அசைகிறது. எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் சிரிக்கிற ஆளும் இல்லை, முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிக்க முடியவில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஆட்டியது இல்லை என்றா, ஓம் என்றா? புருவத்தைச் சுருக்கினார். நான் "டீச்சர், எனக்குக் கேட்கல்ல" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லப் பயமாக இருந்தது ராத்தா. ஞாயிறு முழுக்கச் சமாளித்துவிட்டு, இப்போது 'சத்தம் கேட்கவில்லை' என்று சொன்னால், இவள் எப்படி வகுப்பு எடுக்கப்போகிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று சொல்லாமல் விட்டேன். நான் எதற்கும் பயப்படுகிறவள் இல்லை. இன்றைக்குப் பயந்தேன். றாஸிக்குக்கு ஓம் சொல்வதற்கு உம்மாவிடம் எப்படி வாயைத் திறப்பது என்றுகூட மனதில் ஓடிவிட்டது.

அப்போதுதான் சுவர் இடிந்து விழுகிறதுபோல அந்தப்பக்கத்திலிருந்து ஒரு குரல்:

"புள்ள! றுக்ஸானா! கிடைச்சிட்டுடி! அடுத்த மாசத்துல இருந்து வரட்டாம்! ஓமெண்டு சொல்லு, சும்மா நிக்காத, ஓமெண்டு சொல்லு!"

நான் திரையைப் பார்த்து, "ஓம் டீச்சர், ஓம்" என்றேன். டீச்சர் சிரித்தே விட்டார். உங்கள் குரல் அவருக்கும் கேட்டிருக்கிறது. அவர் அதற்கு என்னவோ சொன்னார், அது எனக்குக் கேட்கவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். உம்மா ஓடி வந்து யாரோ மௌத்து என்று நினைத்து அவரும் அழுதார்.

நாலு மாதத்துக்குப் பிறகு நீங்கள் என் பெயரைக் கூப்பிட்டீர்கள். அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. சத்தியம் முறிந்துவிட்டது என்று பயந்து ஒளிந்துகொண்டிருக்கிறீர்களா? திறங்கள் ராத்தா.

றுக்ஸானா


14.08.2025

தங்கச்சி,

ஒளியவில்லை. குசினிக்குள் அடுப்படி நிலத்தில் குந்தி அழுதேன். அந்த முகத்தோடு கதவைத் திறக்க எனக்கு மனமில்லை. பிறகு நீ போனது தெரிந்தது.

டீச்சர் சொன்னது உனக்குக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாயே. "ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் கதைக்கப்படா எண்டு சத்தம் போட்டவவும் இவதானா? அவவையும் வகுப்புக்குக் கூட்டிவாங்க, பிள்ளைகள் அமைதியா இருப்பாங்க" என்றா. மரியாதையான மனுசி. எனக்குப் பிடித்துக்கொண்டது.

இன்று காலை மாமியை நிந்தவூரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அவவின் வீட்டு முன்னறையில், நான் தட்டை வைத்த அதே இடத்தில் இருந்துகொண்டு, "மாமி, மாப்பிள்ளை கேட்டு வந்தவளும் நான்தான். வேணாமெண்டு சொல்ல வந்தவளும் நான்தான். தங்கச்சியக் கேக்காம வந்தது என்ட பிழை" என்றேன். நான் பயந்துகொண்டு போன மானம் ஒன்றும் அங்கே விழுந்து உடையவில்லை. மாமி வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, "றாஸிக்கும் பொத்துவில்ல ஆரையோ பாத்து வெச்சிரிக்கான் போல" என்றா. நாலு மாதம் நீயும் நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தது இதற்காகத்தான். எனக்குச் சிரிப்பதா, அந்த வெற்றிலைத் தட்டைத் தூக்கி எறிவதா என்று தெரியவில்லை.

வரும் வழியில் மௌலவியின் வீட்டில் கேட்டேன். சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சோறு கொடுக்க வேண்டுமாம். நாளை ஜும்ஆவுக்குப் பிறகு கொடுக்கப்போகிறேன். இறைச்சி சொல்லியாகிவிட்டது. அரிசி நாவிதன்வெளியிலிருந்து இவர் புது நெல்லுக் குத்தி அனுப்பியிருக்கிறார்.

முறித்தது நான், முறிக்க வைத்தது நீ. விடிய எழும்பி வெங்காயம் உரிக்க வா. கதைத்துக்கொண்டே உரிப்போம்.

ராத்தா